அலாவுதீன் 1993: மெகா டிரைவில் கோடு, சூப்பர் நின்டெண்டோவில் தாவல்

விளக்கொளி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். டிஸ்னியின் 1992ஆம் ஆண்டுக் கார்ட்டூன் படத்தை வைத்து 1993ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அலாவுதீன் விளையாட்டைப் பற்றி விரிவாகப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன். சேகா நிறுவனத்தின் வீட்டுக் கன்சோலான (தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டு இயந்திரம்) மெகா டிரைவில் ஓடியது வர்ஜின் கேம்ஸ் குழு உருவாக்கிய விளையாட்டு. அதன் போட்டிக் கன்சோலான சூப்பர் நின்டெண்டோவில் ஓடியது கேப்காம் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு. பெயரும் கதையும் நாயகனும் ஒன்றாக இருப்பதால் இவை ஒரே விளையாட்டின் இரண்டு பதிப்புகள் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் ஒரு கட்டம்கூட இரண்டிலும் பொதுவாக இல்லை. ஆகவே எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், கார்ட்டூனிலிருந்து எதை ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்டது என்று பார்ப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

நான் சிறு வயது முதல் விளையாடி வருவது மெகா டிரைவ் பதிப்பு. அதன் பலம் எது என்று கேட்டால், வரைந்த கோடு அப்படியே உயிரோடு அசைகிறது என்பேன். முதல் கட்டமான, கதை நடக்கும் அக்ரபா நகரின் கடைத்தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்த காவலாளி ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டு வருகிறான். நாம் ஓர் அடி கொடுத்ததும் அவனுடைய கால்சட்டை அவிழ்ந்து விழுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறான். சற்றுத் தள்ளி, தணல் பரப்பிய தரையில் இன்னொரு காவலாளி நம்மைத் துரத்த முயன்று, சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றித் தூக்கிக் குதித்துக்கொண்டு வருகிறான். வழியில் நிற்கும் ஒட்டகத்தின் முதுகில் குதித்தால் அது வாயிலிருந்து துப்புகிறது. இவற்றில் எதுவுமே விளையாட்டு நடப்பதற்குத் தேவையில்லை. காவலாளியை அடித்ததும் அவன் மறைந்துபோயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கார்ட்டூனில் அடிபட்டவன் சும்மா மறைந்துவிடுவதில்லை. அடிபட்ட விதத்திலேயே அவனுடைய குணம் வெளிப்பட வேண்டும். அதை இந்தக் குழு புரிந்துகொண்டிருந்தது.

இது எப்படி முடிந்தது என்றால், டிஸ்னியின் அனிமேஷன் ஓவியர்களே விளையாட்டுக்காகத் தாளில் வரைந்தார்கள். அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றி, வண்ணம் தீட்டி, கார்ட்ரிட்ஜில் (விளையாட்டு பதிந்திருக்கும், கன்சோலில் செருகும் பெட்டி) அடங்கும் அளவுக்குச் சுருக்கினார்கள். இந்த முறைக்கு டிஜிசெல் என்று பெயர் சூட்டி விளம்பரமும் செய்தார்கள். தலைமை நிரலாளர் டேவிட் பெரி. இதற்கு முன்பே குளோபல் கிளாடியேட்டர்ஸ், கூல் ஸ்பாட் ஆகிய விளையாட்டுகளில் அவருடைய குழு இந்தத் துள்ளலான அசைவைப் பழகியிருந்தது. அலாவுதீனில் அது முழு வடிவம் பெற்றது.

திரையின் இடது மேல் மூலையில் உள்ள விளக்கைக் கவனித்திருக்கிறீர்களா? நமக்கு எவ்வளவு உயிர் மீதியிருக்கிறது என்பதை எண்ணாகவோ பட்டையாகவோ காட்டாமல், அந்த விளக்கிலிருந்து எழும் புகையாகக் காட்டியிருக்கிறார்கள். அடிபட அடிபடப் புகை குட்டையாகிக்கொண்டே வரும். நாற்பது முறை விளையாடிய பிறகும் அந்தப் புகையைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

சூப்பர் நின்டெண்டோ பதிப்பை நான் முழுமையாக விளையாடியதில்லை. அதை அறிந்தவர்கள் அதன் பலத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூரைதாவி எழுதியது:

அழைப்புக்கு நன்றி, விளக்கொளி. நான் எதிர்த்தரப்பிலிருந்து வருகிறேன், ஆனால் சண்டைக்கு வரவில்லை.

நீங்கள் சொன்ன கால்சட்டையும் ஒட்டகமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அலாவுதீன் யார்? கடைத்தெருவில் ரொட்டியைத் திருடிவிட்டு, துணிப்பந்தலிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து சன்னலுக்கும் தாவித் தப்பிப்பவன். அவனுடைய ஆயுதம் கால். மெகா டிரைவில் அவன் கையில் வாளைக் கொடுத்த கணத்தில் அவன் போர்வீரனாகிவிடுகிறான். கேப்காம் விளையாட்டில் அவனுக்கு வாள் கிடையாது. எதிரியின் தலையில் குதித்துத்தான் வீழ்த்த வேண்டும். ஆப்பிள் உண்டு, ஆனால் எறிந்தால் எதிரி சற்று நேரம் மயங்கி நிற்பானே தவிர, விழ மாட்டான். ஆகவே எந்தச் சிக்கலானாலும் அதற்கு விடை தாவலாகவே இருக்கிறது.

இதை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். ஓடிவந்து ஒரு காவலாளியின் தலையில் மிதிக்கிறீர்கள். அந்த உந்தலில் மேலே எழுந்து, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பற்றுகிறீர்கள். உடல் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. சுற்றின் உச்சியில் பொத்தானை அழுத்தினால் அடுத்த கம்பி. அங்கிருந்து ஒரு விளிம்பு, கை மட்டும் பற்றுகிறது, ஏறுகிறான். இதில் ஒரு நொடிகூடத் தரையைத் தொடவில்லை. முதல் முறை விளையாடும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தி நிறுத்திச் செய்வோம். பத்தாவது முறை அது ஒரே மூச்சில் போகிறது. கட்டங்களை அமைத்தவர்கள் கம்பிகளுக்கும் எதிரிகளுக்கும் இடையிலான தூரத்தை அதற்காகவே அளந்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிகிறது.

பிறகு அந்தத் துணி. ஒரு கட்டத்தில் அலாவுதீனுக்கு ஒரு துணி கிடைக்கிறது. விழும்போது பொத்தானைப் பிடித்திருந்தால் அதைத் தலைக்கு மேல் விரித்து மெதுவாக மிதந்து இறங்கலாம். எளிய பொருள்தான், ஆனால் பள்ளத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. குதித்துவிட்டு யோசிக்கவும் நேரம் கிடைக்கிறது.

கேப்காமுக்கு இது வழிவழியாக வந்த திறமை என்றே நினைக்கிறேன். 1989இல் அவர்கள் செய்த டக் டேல்ஸ் விளையாட்டில் வாத்துக் கிழவர் தம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு துள்ளித் துள்ளிப் போவார். முழு விளையாட்டும் அந்தத் துள்ளலின் மேல் கட்டப்பட்டது. கார்ட்டூன் கதாபாத்திரத்தின் ஒரே ஓர் உடல்மொழியைக் கண்டுபிடித்து, அதையே விளையாட்டின் விதியாக்குவது அவர்கள் முறை. அலாவுதீனில் அது கம்பியைப் பற்றிச் சுழலும் உடல்.

ஒரு செய்தியையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். இந்த விளையாட்டை வடிவமைத்தவர்களில் ஒருவர் ஷின்ஜி மிகாமி, 1996இல் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் விளையாட்டைத் தந்தவர். பல ஆண்டுகள் கழித்து ஒரு நேர்காணலில், தாம் இதை உருவாக்கியிராவிட்டால் மெகா டிரைவ் பதிப்பைத்தான் வாங்கியிருப்பேன் என்றும், அதன் அனிமேஷன் மேலானது என்றும், தமக்கும் வாள் வைக்க ஆசை இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார். அவரே சொன்னாலும் இதில் நான் அவரோடு உடன்படவில்லை. வாள் கிடைக்காமல் போனதால்தான் அவர் குழு தாவலை இவ்வளவு தூரம் கொண்டுபோனது.

மின்சுற்று எழுதியது:

இருவரும் ரசனையின் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். இயந்திரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்லும் வேறுபாட்டில் பாதி புரியும் என்று தோன்றுவதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வண்ணம். மெகா டிரைவில் மொத்தம் 512 வண்ணங்கள் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் திரையில் வைக்க முடிந்தவை ஏறத்தாழ 64 மட்டுமே. அதுவும் பதினாறு பதினாறாகப் பிரித்த நான்கு வண்ணத் தட்டுகள். நாயகன், எதிரிகள், பின்னணி, எண்கள், விளக்கு என்று எல்லாரும் அந்த நான்கு தட்டுகளைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சூப்பர் நின்டெண்டோவில் 32,768 வண்ணங்களிலிருந்து 256 வண்ணங்களைத் திரைக்கு எடுக்கலாம். பின்னணிக்கு எட்டுத் தட்டு, நகரும் உருவங்களுக்கு எட்டுத் தட்டு. ஒளி ஊடுருவுவதுபோல ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்றைக் கலக்கும் வசதியும் வன்பொருளிலேயே இருக்கிறது. ஆகவே கேப்காம் விளையாட்டில் வானம் மெல்ல மெல்ல நிறம் மாறுவதும், குகைச் சுவரில் ஒளி படிவதும் இயல்பாக வருகின்றன. மெகா டிரைவில் அதே மென்மையை வேண்டுமென்றால் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்துக் கண்ணை ஏமாற்ற வேண்டும்.

அப்படியிருக்க, வண்ணம் குறைந்த இயந்திரத்தில் ஓவியம் எப்படி மேலாகத் தெரிகிறது? இங்கேதான் கார்ட்டூன் கைகொடுக்கிறது. கார்ட்டூன் உருவத்துக்குத் தேவைப்படுவது தட்டையான நாலைந்து நிறங்களும் தெளிவான வெளிக்கோடும். தோலுக்கு இரண்டு, மேற்சட்டைக்கு இரண்டு, கால்சட்டைக்கு இரண்டு, முடிக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று என்றால் ஒரு தட்டு தாராளமாகப் போதும். நிழற்படம்போலத் தெரிய முயலும் விளையாட்டுகள் மெகா டிரைவில் மங்கிப்போவதும், கார்ட்டூன் விளையாட்டுகள் ஒளிர்வதும் இதனால்தான்.

அடுத்தது உருவங்களின் அளவு. சூப்பர் நின்டெண்டோவில் ஒரு நேரத்தில் இரண்டே இரண்டு அளவுகளில்தான் ஸ்பிரைட்டுகளை, அதாவது பின்னணிக்கு மேல் நகரும் உருவத் துண்டுகளை, வைக்க முடியும். அவையும் சதுரங்களாகவே பெரும்பாலும் பயன்பட்டன. ஸ்பிரைட் படங்களுக்கான இடமும் காணொளி நினைவகத்தில் 16 கிலோபைட்டுக்குள் முடிந்துவிடுகிறது. மெகா டிரைவில் ஒவ்வொரு ஸ்பிரைட்டும் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களில் ஒன்று முதல் நான்கு சதுரம் அகலம், ஒன்று முதல் நான்கு சதுரம் உயரம் என்று விருப்பம்போல அமையலாம். வாளை வீசி நீட்டிய கை, பறக்கும் மேற்சட்டை, நீண்ட தாவல் போன்ற ஒழுங்கற்ற வடிவங்களை வீணில்லாமல் துண்டுபோட இது மிகவும் உதவியது. ஓவியர் வரைந்த ஒவ்வொரு படத்தையும் இப்படித் துண்டாக்குவதற்கென்றே வர்ஜின் குழு சாப்பர் என்றொரு கருவியை வைத்திருந்தது. 2017இல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை இந்த விளையாட்டின் மூல நிரலை ஆராய்ந்து விரிவான கட்டுரை வெளியிட்டது. இப்படிப்பட்ட உள்வேலைகளில் ஆர்வமுள்ளவர்கள் அதைத் தவறாமல் படிக்க வேண்டும்.

இடம் இன்னொரு காரணம். மெகா டிரைவ் கார்ட்ரிட்ஜ் 16 மெகாபிட், அதாவது 2 மெகாபைட். கேப்காமின் கார்ட்ரிட்ஜ் 10 மெகாபிட். அசைவுப் படங்களுக்கு இடம் வேண்டும். அந்த இடத்தை வர்ஜின் குழு கூடுதலாக வாங்கிக்கொண்டது. செயலியின் வேகத்தைப் பொறுத்தவரை மெகா டிரைவின் 7.67 மெகாஹெர்ட்ஸ், சூப்பர் நின்டெண்டோவின் 3.58 மெகாஹெர்ட்ஸ் என்ற எண்களை நேருக்கு நேர் வைத்துப் பேசுவது சரியாகாது. இரண்டும் வேறு வேறு வகைச் செயலிகள்; ஒரு கட்டளைக்கு எடுத்துக்கொள்ளும் சுற்றுகளும் வேறு. என்றாலும் நிறைய உருவங்கள் ஒரே நேரத்தில் தனித்தனியாக நடந்துகொள்ள வேண்டிய கட்டங்களில் மெகா டிரைவின் 68000 செயலி தாராளமாக மூச்சுவிட்டது.

கடைசியாகத் திரை. மெகா டிரைவ் பெரும்பாலும் 320 புள்ளி அகலத்திலும் சூப்பர் நின்டெண்டோ 256 புள்ளி அகலத்திலும் படம் காட்டின. இரண்டும் ஒரே தொலைக்காட்சியில் விரியும்போது பின்னதில் ஒவ்வொரு புள்ளியும் சற்றுக் கொழுத்துத் தெரியும். மெல்லிய கோட்டுக்கு முன்னது ஏற்றது. கூரைதாவி சொல்கிற தாவலுக்கு அது தடையே இல்லை. விளிம்பு எங்கே என்பது தெளிவாகத் தெரிந்தால் போதும்.

விளக்கொளி எழுதியது:

மின்சுற்று, இப்படி ஒரு விளக்கத்தை எதிர்பார்த்துத்தான் இழையைத் தொடங்கினேன். மனமார்ந்த நன்றி.

உங்கள் கடைசி வரி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. விளிம்பு தெளிவாகத் தெரிவது என்றீர்கள். நேற்று மெகா டிரைவ் பதிப்பை மறுபடியும் தொடக்கத்திலிருந்து விளையாடினேன், இந்த முறை அந்த ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டு. கூரைகள் வரும் கட்டத்தில் பின்னணி அவ்வளவு அழகாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஆனால் எது நிற்கும் இடம், எது வெறும் ஓவியம் என்று மூன்று இடங்களில் தடுமாறினேன். ஓர் இடத்தில், நின்றுவிடலாம் என்று நம்பிக் குதித்தது ஓவியத்தின் ஒரு பகுதியாகப் போய்விட்டது. வாள் வீச்சிலும் அப்படித்தான். வாள் எதிரியின் மேல் பட்டதுபோலத் தெரிகிறது, படுவதில்லை. சில நேரம் படாததுபோலத் தெரிகிறது, பட்டுவிடுகிறது. ஓவியரின் கை சுதந்திரமாக வரைந்ததற்கும், அடி பட்டதா என்று கணக்கிட நிரல் போட்ட கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்கும் இடையே உள்ள இடைவெளி அது. இத்தனை ஆண்டுகளாக அதைப் பழகிப்போய், குறை என்றே உணராமல் இருந்திருக்கிறேன்.

அதே நேரத்தில் வாளுக்கு ஒரு நியாயமும் கண்டேன். எதிரி எறியும் கத்தியை, அது நெருங்கும் நொடியில் வாளை வீசித் தட்டிவிடலாம். அப்போது எழும் உலோக ஒலியும் கத்தி திரும்பிப் பறப்பதும் தரும் நிறைவு தனி. வாள் என்பது வெட்டுவதற்கு மட்டும் அங்கே இல்லை. பொறுமையாக நின்று தருணம் பார்ப்பதற்கும் இருக்கிறது.

பொத்தானை அழுத்தினால் இத்தனை அழகான அசைவு முடியும்வரை காத்திருக்க வேண்டுமோ என்று புதியவர்கள் அஞ்ச வேண்டாம். உடல் உடனே கிளம்பிவிடுகிறது, ஓவியம் அதைத் தொடர்ந்து வருகிறது. அந்த வரிசையை அவர்கள் மாற்றி வைத்திருந்தால் விளையாட்டே கெட்டிருக்கும்.

எட்டுபிட் எழுதியது:

பெரிய அண்ணன்மார் இருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தம்பிகளையும் கவனியுங்கள்.

சேகாவின் பழைய எட்டு பிட் வீட்டுக் கன்சோலான மாஸ்டர் சிஸ்டத்துக்கும் கையடக்க கேம் கியருக்கும் 1994இல் ஓர் அலாவுதீன் வந்தது. சிம்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் உருவாக்கியது. இது மெகா டிரைவ் விளையாட்டைக் குறுக்கியது அன்று. மூன்றாவதாகத் தனியாகச் செய்த விளையாட்டு. எட்டு பிட் இயந்திரத்தால் வாளையும் கால்சட்டையையும் போட்டியிட்டு வரைய முடியாது என்று தெரிந்துகொண்டு, அவர்கள் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டங்களுக்கு நடுவே படமும் உரையாடலுமாகக் கதை நகர்கிறது. தொடக்கத்தில் காவலாளிகள் துரத்த, அலாவுதீன் தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறான். நாம் தாண்டவும் குனியவும் மட்டும் செய்கிறோம். அடுத்து மாயக்குகைக்குள் போனால் விளையாட்டின் நடையே மாறிவிடுகிறது: நின்று, பார்த்து, அடி எடுத்து வைக்க வேண்டும். ஓட்டமும் நிதானமும் மாறி மாறி வருவதால் படத்தைப் பார்த்த உணர்வு மற்ற இரண்டையும்விட இதில் அதிகம் கிடைக்கிறது என்று துணிந்து சொல்வேன்.

இன்னொன்று. கேம் கியரின் திரை சிறியது, 160க்கு 144 புள்ளிகள்தான். ஆனால் வண்ணத்தைத் தேர்ந்தெடுக்க 4096 இருந்தன. மாஸ்டர் சிஸ்டத்தில் 64தான். இரண்டிலும் ஒரே நேரத்தில் காட்ட முடிந்தது 32. எனவே அதே விளையாட்டு கையடக்கத்தில் மென்மையான நிறங்களோடும், பெரிய திரையில் அழுத்தமான நிறங்களோடும் இருக்கும். சிறிய திரையில் வரப்போகும் ஆபத்து தாமதமாகத் தெரிவது உண்மை. அதனால் துரத்தல் கட்டங்களுக்கு மாஸ்டர் சிஸ்டத்தையும் குகைக்குக் கேம் கியரையும் பரிந்துரைப்பேன்.

நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய்க்கு வந்தது மெகா டிரைவ் விளையாட்டின் பிரதி. நான்கு சாயல்களில் அந்த ஓவியத்தைக் காட்ட முயன்றதில் நாயகனும் பின்னணியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அதன் பலம் என்று சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.

இசைத்தடம் எழுதியது:

ஒலியைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

சூப்பர் நின்டெண்டோவின் ஒலிப்பகுதி பதிவு செய்த இசைக்கருவித் துணுக்குகளை எட்டுத் தடங்களில் வாசிக்கும். அதற்கென்று 64 கிலோபைட் நினைவகம் மட்டுமே உண்டு என்பதால் துணுக்குகள் சிறியவை, ஓரங்கள் மழுங்கியவை. ஆனால் தந்திக்கூட்டம் தந்திக்கூட்டமாகவே ஒலிக்கும். மந்திரக் கம்பளத்தில் இளவரசியோடு இரவு வானில் பறந்தபடி மணிகளைச் சேர்க்கும் பகுதியில், படத்தின் காதல் பாட்டு மெட்டு மிருதுவாக விரிகிறது. அங்கே எதிரியும் இல்லை, பதற்றமும் இல்லை. விளையாட்டை நிறுத்தி இசையைக் கேட்க விட்ட இடம் அது. அந்தத் துணிச்சலுக்காகவே கேப்காமை மதிக்கிறேன்.

மெகா டிரைவில் யமஹாவின் ஆறு தட எஃப்எம் சில்லு. பதிவு செய்த ஒலியை வாசிக்காமல், அலைகளைக் கொண்டு ஒலியை அது தானே பின்னுகிறது. தந்திக்கூட்டத்துக்கு அது பொருந்தாது. உலோகத் தட்டலுக்கும் குழல்களின் கூர்மைக்கும் அருமையாகப் பொருந்தும். இந்தப் பதிப்பின் இசையமைப்பாளர்கள் டானல்ட் கிரிஃபினும் டாமி டல்லாரிகோவும் அதை உணர்ந்தே இசையமைத்தார்கள் என்று நினைக்கிறேன். கடைத்தெருவின் இசை ஒரு கார்ட்டூனின் பின்னணி இசைபோல அடிக்கடி எட்டிக் குதிக்கிறது, வாள் ஒலியும் அடிபட்டவனின் கூச்சலும் அதற்குத் தாளம்போடுகின்றன. கம்பளக் காட்சியின் மென்மை இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளக்குக்குள்ளே நடக்கும் பூதத்தின் கட்டத்தில் இந்தச் சில்லின் துள்ளல் வேறெந்த இயந்திரத்திலும் வராது.

புதுவரவு எழுதியது:

வணக்கம். இழை முழுவதையும் படித்தேன், பயனுள்ளதாக இருந்தது. என் மகளுக்கு ஒன்பது வயது. பழைய கன்சோல் எதுவும் எங்களிடம் இல்லை. இவற்றில் எதை முதலில் விளையாடக் கொடுக்கலாம், இன்றைய கன்சோல்களில் கிடைக்கிறதா என்று யாராவது சொல்ல முடியுமா?

கூரைதாவி எழுதியது:

கிடைக்கிறது. 2019 அக்டோபரில் டிஜிட்டல் எக்லிப்ஸ் குழு மெகா டிரைவ் பதிப்பையும் கேம்பாய்ப் பதிப்பையும் லயன் கிங் விளையாட்டோடு சேர்த்து ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றுக்குத் தொகுத்து வெளியிட்டது. அப்போது கேப்காம் விளையாட்டு அதில் இல்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது. 2021இல் ஜங்கிள் புக்கோடு அதையும் சேர்த்துவிட்டார்கள். வாங்கும்போது பிந்தைய தொகுப்புதானா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்பது வயதுக் குழந்தைக்கு, என் சார்பைக் கழித்துவிட்டுச் சொன்னாலும், கேப்காம் விளையாட்டுதான் முதலில். பள்ளத்தில் விழுந்தது ஏன் என்று அதில் குழந்தைக்குப் புரியும். சற்று முன்னதாகக் குதித்திருக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்துவிடும். நடுவே நிறுத்தினால் தொடர்வதற்குக் கடவுச்சொல் முறையும் உண்டு. முடித்த பிறகும் மிச்சம் இருக்கிறது: கட்டங்களில் மறைந்துள்ள 70 சிவப்பு மணிகளையும் சேர்த்தால் முடிவுக் காட்சியில் ஒரு சிறு மாற்றம் வரும். என்ன என்பதை மகளே பார்த்துச் சொல்லட்டும்.

மெகா டிரைவ் பதிப்பு தொடக்கத்தில் இளகியும் நடுவில் கடுமையாகவும் இருக்கும். கம்பளத்தில் குகையிலிருந்து தப்பிக்கும் கட்டத்தில், அடுத்த பாறை மேலே வருமா கீழே வருமா என்று ஒரு கை சுட்டிக்காட்டும். போகப்போக அந்தக் கைக்கும் பாறைக்கும் இடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. நான் முதன்முதலில் அங்கே ஒரு மாலை முழுவதும் சிக்கிக்கொண்டேன்.

மின்சுற்று எழுதியது:

கூரைதாவி சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. அந்தத் தொகுப்பில் நேரத்தைப் பின்னோக்கிச் சுற்றும் வசதி இருக்கிறது. கம்பளக் கட்டத்தில் பாறையில் மோதினால் ஐந்து நொடி பின்னே போய் மறுபடி முயலலாம். மேலும் மெகா டிரைவ் பதிப்பின் இறுதித் திருத்தம் என்ற பெயரில் ஒரு வடிவத்தையும் சேர்த்திருக்கிறார்கள். விளக்கொளி குறிப்பிட்ட அடிபடும் பெட்டி, கேமரா நகர்வு போன்றவற்றைச் சரிசெய்திருக்கிறார்கள். ஓவியத்தைத் தொடாமல் அதன் அடியிலுள்ள கணக்கை மட்டும் திருத்தியது எனக்கு மிகவும் சரியான முடிவாகப் படுகிறது. மகள் மெகா டிரைவ் பக்கம் வரும்போது அந்த வடிவத்திலேயே தொடங்கட்டும்.

புதுவரவு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பிந்தைய தொகுப்பையே வாங்கினோம். மகள் கேப்காம் விளையாட்டில் பிரமிடு வரை போய்விட்டாள். துணியை விரித்து மிதப்பதைக் கற்றதிலிருந்து, தேவையே இல்லாத இடத்திலும் குதித்து மிதந்துகொண்டே இறங்குகிறாள். நேற்று மெகா டிரைவ் பதிப்பைச் சற்று நேரம் போட்டுக் காட்டினேன். கட்டத்தை முடிக்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. தணலில் குதிக்கும் காவலாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்பவும் பின்னால் போய், அவன் மறுபடி துரத்திக்கொண்டு வருகிறானா என்று நான்கு முறை பார்த்தாள்.

விளக்கொளி எழுதியது:

புதுவரவு, உங்கள் மகளிடம் இரண்டாவது கட்டமான பாலைவனத்தில் சற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மிக்கி எலியின் காதுகள் அங்கே ஓரிடத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவள் கண்டுபிடித்துவிட்டால் எழுதுங்கள். நான் இந்த வாரம் கேப்காம் விளையாட்டை முதல் கம்பியிலிருந்து தொடங்குகிறேன். இதுவரை மூன்றாவது கம்பியில் இருமுறை விழுந்திருக்கிறேன். கூரைதாவி, சுற்றின் உச்சியில் என்றீர்களே, உச்சிக்குச் சற்று முன்னரே அழுத்த வேண்டுமா, உச்சியிலேயேவா?

கூரைதாவி எழுதியது:

உச்சிக்கு மயிரிழை முன்னால் அழுத்திப் பாருங்கள். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் உடல் உச்சிக்கு வந்துவிடும்.